ஆளெடுக்க ஒன்று, ஆளை வளர்க்க ஒன்று: எந்த ஆளுமைத் தேர்வை எதற்கு வாங்கலாம்?

கோயம்புத்தூரில் பம்ப் செய்யும் ஒரு கம்பெனி என்று வைத்துக்கொள்வோம். ஆபீஸும் ஷாப் ஃப்ளோரும் சேர்த்து 150 பேர். இந்த வருஷம் ஆறு சேல்ஸ் இன்ஜினியர்களை எடுக்க வேண்டும். இரண்டு சூப்பர்வைசர்களை மேனேஜர் ஆக்க வேண்டும். போதாக்குறைக்கு டெஸ்பாட்ச்சுக்கும் சேல்ஸுக்கும் நடுவே தினமும் நடக்கும் சண்டையை ஒரு வழிக்குக் கொண்டுவர வேண்டும். முதலாளியின் மகன் எம்பிஏ முடித்துவிட்டு வந்திருக்கிறார். "சைக்கோமெட்ரிக் டெஸ்ட் ஒன்று வாங்கிப் போட்டுவிடலாமே" என்கிறார். ஹெச்ஆரில் இருப்பவர் நாலு இடத்தில் விசாரிக்கிறார். நாலு பேரும் வண்ண வண்ணச் சக்கரங்களும் பட்டைகளும் போட்ட மாதிரி அறிக்கையை அனுப்பிவைக்கிறார்கள். எல்லாமே பிரமாதமாகத் தெரிகிறது. எதை வாங்குவது?

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மூன்று வேலைக்கும் சேர்த்து ஒன்றை வாங்காதீர்கள். சண்டைக்கு டிஸ்க் போதும். மேனேஜர் ஆகப்போகிறவர்களுக்கு ஹோகனோ ஓபிக்யூவோ வாங்கலாம், அறிக்கையைப் படித்து விளக்கத் தெரிந்தவர் ஒருவர் கூடவே கிடைத்தால். ஆளெடுப்புக்கு ஐம்பண்பு (ஆளுமையை ஐந்து பண்புகளாகப் பிரித்து அளக்கும் முறை) அடிப்படையிலான ஒரு தேர்வு, அதுவும் கடைசியில் ஒரு சின்னப் பங்காக. எம்பிடிஐயை ஆளெடுப்புப் பக்கமே கொண்டுவர வேண்டாம். இந்தப் பேர்களெல்லாம் சந்தையில் கிடைக்கும் ஆளுமைத் தேர்வுகள், ஒவ்வொன்றாகக் கீழே வருகின்றன.

இதற்கெல்லாம் காரணம், அந்தக் கேள்வித்தாள்கள் உள்ளே எப்படி வேலை செய்கின்றன என்பதில் இருக்கிறது.

உள்ளே என்ன இருக்கிறது

பெயர் எதுவானாலும் அடிப்படை வேலை ஒன்றுதான். உங்களைப் பற்றி நீங்களே சொன்ன பதில்களைக் கூட்டி, அந்தக் கூட்டுத்தொகையை மற்றவர்களுடையதோடு ஒப்பிடுகிறார்கள். முதல் உலகப் போரின்போது, 1917 வாக்கில், குண்டு வெடிப்பு அதிர்ச்சியில் நிலைகுலையக்கூடிய சிப்பாய்களை முன்கூட்டியே அடையாளம் காண அமெரிக்க ராணுவத்துக்காக உட்வொர்த் என்ற உளவியலாளர் ஆம்/இல்லை கேள்விகளின் பட்டியல் ஒன்றைத் தயாரித்தார். இன்று மொபைலில் நாம் தட்டும் தேர்வுகளுக்கெல்லாம் அதுதான் மூதாதை.

ஒரு அளவையைக் கையில் எடுத்துப் பார்த்தால் விஷயம் சீக்கிரம் பிடிபடும். லூயிஸ் கோல்ட்பர்க் என்ற அமெரிக்க உளவியலாளர் தொடங்கிய ஐபிஐபி என்ற தொகுப்பில் 3,000க்கும் மேற்பட்ட வாக்கியங்கள் இருக்கின்றன. எல்லாம் பொதுச்சொத்து, காசும் வேண்டாம், அனுமதியும் வேண்டாம். அதிலுள்ள 50 வாக்கியத் தேர்வில் பொறுப்புணர்வை அளக்கப் பத்து வாக்கியங்கள். எப்போதும் தயாராக இருப்பேன், சின்னச் சின்ன விவரங்களையும் கவனிப்பேன், வீட்டு வேலைகளை உடனுக்குடன் முடிப்பேன், ஒழுங்கு பிடிக்கும், நேர அட்டவணைப்படி நடப்பேன், என் வேலையில் துல்லியம் பார்ப்பேன் என்று ஆறு வாக்கியங்கள் ஒரு பக்கம். என் சாமான்களை அங்கங்கே போட்டுவிடுவேன், எடுத்ததை எடுத்த இடத்தில் வைக்க மறப்பேன், காரியத்தைக் குளறுபடி ஆக்கிவிடுவேன், கடமையிலிருந்து நழுவுவேன் என்று நாலு வாக்கியங்கள் எதிர்ப் பக்கம். ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண். எதிர்ப் பக்க நாலுக்கும் தலைகீழாக, அதாவது 5 போட்டிருந்தால் 1 என்று மாற்றிக் கூட்டுவார்கள். குறைந்தது 10, அதிகம் 50. அவ்வளவுதான் விஷயம். இதற்கு மேல் அறிக்கையில் வருவதெல்லாம் அந்தக் கூட்டலுக்குப் போட்ட அலங்காரம்.

சரி, ஒருவர் 38 வாங்கியிருக்கிறார். நல்லதா, கெட்டதா? அந்த எண்ணை வைத்து மட்டும் யாராலும் சொல்ல முடியாது. யாரோடு ஒப்பிடுகிறோம் என்பதைப் பொறுத்தது. சும்மா ஆர்வத்துக்கு எழுதியவர்கள் மத்தியில் 38 நல்ல மதிப்பெண்ணாக இருக்கலாம். வேலைக்கு விண்ணப்பித்தவர்கள் மத்தியில் அதுவே சராசரிக்குக் கீழே போய்விடலாம், ஏனென்றால் வேலை கேட்டு வந்தவர்கள் "சாமான்களை அங்கங்கே போடுவேன்" என்று ஒத்துக்கொள்வதில்லை. விற்பனையாளரிடம் முதலில் கேட்க வேண்டியது இதைத்தான்: உங்கள் ஒப்பீட்டுக் கூட்டத்தில் இருப்பவர்கள் யார்? பிரிட்டன் மேனேஜர்களா, அமெரிக்கக் கல்லூரி மாணவர்களா, இந்தியாவில் வேலைக்கு விண்ணப்பித்தவர்களா? மழுப்பினால் அத்தோடு போனை வைத்துவிடலாம்.

அடுத்தது, எண்ணில் இருக்கும் ஆட்டம். பல தேர்வுகள் மதிப்பெண்ணை 1 முதல் 10 வரையிலான ஸ்டென் என்ற அளவுக்கு மாற்றித் தருகின்றன. அதில் சராசரி 5.5, திட்ட விலக்கம் (மதிப்பெண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு பரவி நிற்கின்றன என்ற அளவு) 2. தேர்வின் நம்பகத்தன்மை, அதாவது மதிப்பெண் எவ்வளவு நிலையாக நிற்கிறது என்ற எண், முழுசுக்கு 1 என்றால் 0.80 என்று வைத்துக்கொண்டால் (பரவாயில்லை ரகம்தான் அது), ஒருவருடைய மதிப்பெண் ஏறக்குறைய ஒரு புள்ளி இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ ஆடும். 6 வாங்கியவர் உண்மையில் 5 ஆக இருக்கலாம், 7 ஆகவும் இருக்கலாம். ஆகவே "இவருக்கு 7, அவருக்கு 6, இவரையே எடுத்துவிடலாம்" என்பது சீட்டுக் குலுக்கிப் போடுவதற்கு ரொம்பத் தூரத்தில் இல்லை.

எம்பிடிஐ: வகைகளின் வசீகரம்

பேரைச் சொன்னால் எல்லாருக்கும் தெரிவது இதுதான். உளவியலாளர் கார்ல் யுங் 1921-ல் எழுதிய நூலின் கருத்துகளை எடுத்துக்கொண்டு காதரின் பிரிக்ஸும் அவர் மகள் இசபெல் மையர்ஸும் உருவாக்கினார்கள். இருவருமே உளவியல் படித்துப் பட்டம் வாங்கியவர்கள் அல்ல. அதை ஒரு குற்றமாகச் சொல்லவில்லை. தேர்வில் உள்ள குறை வேறு இடத்தில் இருக்கிறது.

நாலு அம்சங்களில் ஆளை இரண்டிரண்டாகப் பிரித்து மொத்தம் 16 வகைகள். புறமுகமா (ஆட்களோடு கலந்து பழகுபவரா) அகமுகமா (தனக்குள் ஒதுங்குபவரா) என்ற முதல் பிரிவை எடுத்துக்கொள்ளுங்கள். மக்களின் மதிப்பெண்களைப் படமாகப் போட்டால் இரண்டு தனித்தனிக் குன்றுகள் வருவதில்லை. நடுவில் பெரிய ஒரே குன்றுதான் வருகிறது. பெரும்பாலானோர் நடுவில்தான் நிற்கிறார்கள். அந்த நடுவில் ஒரு கோட்டைக் கிழித்து, கோட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு மதிப்பெண் தள்ளி நிற்பவரையும் அந்தப் பக்கம் ஒரு மதிப்பெண் தள்ளி நிற்பவரையும் நேர் எதிரான இரண்டு வகை மனிதர்கள் என்கிறது எம்பிடிஐ. அடுத்த மாதம் இரண்டு கேள்விக்குப் பதில் மாறினால் வகையே மாறிவிடும். ஐந்து வாரம் கழித்து மறுபடி எழுதச் சொன்னபோது பாதிப் பேர் வரை வேறு வகைக்குள் போய் விழுந்தார்கள் என்று ஆய்வு முடிவுகள் உண்டு.

இன்னொரு ஓட்டையும் இருக்கிறது. மெக்ரே, கோஸ்டா என்ற இரண்டு உளவியலாளர்கள் 1989-ல் எம்பிடிஐயை ஐம்பண்பு அளவைகளோடு ஒப்பிட்டார்கள். நாலு பிரிவும் ஐந்தில் நாலு பண்புகளோடு ஓரளவு பொருந்தின. விடுபட்டுப்போன ஐந்தாவது, நெருக்கடியில் ஒருவர் எவ்வளவு பதறுகிறார், எவ்வளவு சீக்கிரம் மனம் உடைகிறார் என்ற பண்பு. மாதக் கடைசியில் டார்கெட்டோடு மல்லுக்கட்டும் சேல்ஸ் ஆளிடம் நீங்கள் தெரிந்துகொள்ள விரும்புவதே அதைத்தானே?

பிறகு ஏன் எல்லாருக்கும் பிடிக்கிறது? அறிக்கையில் யாரையும் குறை சொல்லும் வரியே கிடையாது. 16 வகையும் அருமையான வகைகள். பெர்ட்ரம் ஃபோரர் என்ற உளவியல் ஆசிரியர் தன் மாணவர்கள் 39 பேருக்கு ஒரு தேர்வு வைத்து, ஆளுக்கு ஒரு அறிக்கை கொடுத்து, எவ்வளவு பொருந்துகிறது என்று 5க்கு மதிப்பெண் போடச் சொன்னார். சராசரி 4.26 வந்தது. கொடுத்தது எல்லாருக்கும் ஒரே அறிக்கை. வாக்கியங்கள் கடையில் விற்ற ஜோசியப் புத்தகத்திலிருந்து எடுத்தவை. 1949-ல் வெளியான இந்த ஆய்வை, வாரப் பத்திரிகை ராசிபலன் படித்து வளர்ந்த நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. "அப்படியே என்னைப் பார்த்த மாதிரி எழுதியிருக்கிறதே!" என்று ஊழியர்கள் சொல்வதை ஆதாரமாகக் காட்டும் விற்பனையாளரிடம் கொஞ்சம் ஜாக்கிரதை.

எம்பிடிஐக்கு ஆதரவாக ஒன்று சொல்ல வேண்டும். அதை வெளியிடும் நிறுவனமே ஆளெடுப்புக்குப் பயன்படுத்தக் கூடாது என்று வெளிப்படையாகச் சொல்கிறது. கேட்காமல் பயன்படுத்துகிறவர்கள் நாம்தான். பயோடேட்டாவில் "ஐஎன்டிஜே" என்று தன் எம்பிடிஐ வகையைப் போட்டு அனுப்பும் பிள்ளைகளையும் பார்க்கிறோம். அதைப் படித்துவிட்டு ஒரு முடிவும் எடுக்காமல் அடுத்த வரிக்குப் போய்விடுவதே நல்லது.

டிஸ்க்: சண்டைக்கு மருந்து, ஆளெடுப்புக்கு ஆபத்து

வில்லியம் மார்ஸ்டன் 1928-ல் சொன்ன நாலு நடத்தைப் போக்குகள்தான் டிஸ்க்கின் மூலம். மனிதர் சுவாரசியமானவர், ரத்த அழுத்தத்தை வைத்துப் பொய்யைக் கண்டுபிடிக்கும் சோதனையும் அவர் செய்ததுதான், வொண்டர் வுமன் என்ற காமிக்ஸ் நாயகியும் அவர் படைப்புதான். ஆனால் கேள்வித்தாளை அவர் செய்யவில்லை. பின்னால் வந்தவர்கள் செய்தார்கள், ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாக. அதனால் "டிஸ்க் டெஸ்ட்" என்ற பேரில் இன்று சந்தையில் நல்லதும் இருக்கிறது, ஒரு வாரத்தில் யாரோ தட்டிக் கொட்டியதும் இருக்கிறது. பேரை வைத்துத் தரத்தைச் சொல்ல முடியாது.

பழைய பாணி டிஸ்க்கில் கேள்வி இப்படி வரும்: துணிச்சலானவர், கலகலப்பானவர், பொறுமையானவர், கச்சிதமானவர். இந்த நாலில் உங்களுக்கு மிகவும் பொருந்துவது எது, கொஞ்சமும் பொருந்தாதது எது? இப்படி 24 கட்டங்கள் என்று வையுங்கள். மிகவும் பொருந்துவது என்று ஒவ்வொருவரும் 24 முறை தேர்ந்தெடுத்தாக வேண்டும். ஆகவே யார் எழுதினாலும் நாலு போக்குகளுக்கும் சேர்த்து மொத்தம் 24தான். குமாருக்குத் துணிச்சலில் 12, செல்விக்கு 8 வந்தால், குமார் செல்வியைவிடத் துணிச்சலானவர் என்று அர்த்தமா? கிடையாது. குமாரிடம் மற்ற மூன்றையும்விடத் துணிச்சல் தூக்கலாக இருக்கிறது என்றுதான் அர்த்தம். செல்வியிடம் நாலுமே நிறைய இருக்கலாம், குமாரிடம் நாலுமே கம்மியாக இருக்கலாம். தேர்வுக்கு அது தெரியவே தெரியாது, ஏனென்றால் அது ஒருவரை அவரோடு மட்டுமே ஒப்பிடுகிறது. ஆளெடுப்பில் நாம் செய்வதோ ஒருவரை இன்னொருவரோடு ஒப்பிடுவது. இந்த ஒரு காரணத்துக்காகவே இந்த வகை டிஸ்க்கை வைத்து விண்ணப்பதாரர்களை வரிசைப்படுத்தக் கூடாது. இந்தச் சங்கதியை விற்பனையாளர்கள் தாமாகச் சொல்வதில்லை.

டெஸ்பாட்ச் - சேல்ஸ் சண்டைக்கு மட்டும் இது நல்ல கருவி. அரை நாள் இரண்டு அணிகளையும் ஒரே அறையில் உட்காரவைத்து, ஒருவருடைய தாளை இன்னொருவர் பார்க்கும்போது பேச்சு கிளம்பும். "நீங்க லாரி நம்பர் கேட்டு நாலு தடவை போன் பண்றது என்னை நம்பாததாலன்னு நினைச்சேன்" என்று டெஸ்பாட்ச் ஆள் சொல்வார். "நம்பாம இல்ல சார், கஸ்டமர் என் தலையில ஏறி உட்கார்ந்திருக்கான்" என்று பதில் வரும். அந்தப் பேச்சுக்கு ஒரு சாக்கு வேண்டியிருந்தது, டிஸ்க் அந்தச் சாக்கைக் கொடுத்தது. நம்பகத்தன்மை கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும் யாருடைய வேலையும் போகப்போவதில்லை. எம்பிடிஐயையும் இதே காரியத்துக்கு எடுத்துக்கொள்ளலாம். நாலு போக்குகளை ஷாப் ஃப்ளோரில் விளக்குவது 16 வகையை விளக்குவதைவிட எளிது என்பதால்தான் நான் டிஸ்க் பக்கம் சாய்கிறேன்.

ஐம்பண்பு: கவர்ச்சி இல்லாதது, கணக்கு உள்ளது

1936-ல் ஆல்போர்ட்டும் ஓட்பர்ட்டும் ஆங்கில அகராதியிலிருந்து மனிதரை விவரிக்கும் 17,953 சொற்களைத் திரட்டினார்கள். அந்தச் சொற்களில் எது எதோடு சேர்ந்து வருகிறது என்று பலர் பல பத்தாண்டுகள் சலித்துப் பார்த்தபோது மிஞ்சியவை ஐந்து குவியல்கள்: புதியதற்குத் திறந்த மனம், பொறுப்புணர்வு, புறமுகத்தன்மை, இணக்கம், பதற்றம். 1961-ல் அமெரிக்க விமானப் படைக்காக டியூப்ஸும் கிறிஸ்டலும் செய்த ஆய்விலும் ஐந்துதான் வந்தது. ஒரு மேதையின் தலையில் உதித்த கோட்பாட்டில் தொடங்காமல் தரவிலிருந்து வந்தது என்பதே இதன் பலம். கோஸ்டா, மெக்ரே இருவரும் 1992-ல் வெளியிட்ட நியோ-பிஐ-ஆர் தேர்வில் 240 வாக்கியங்கள், ஐந்து பண்புக்கும் கீழே 30 உட்கூறுகள். ஆறாவதாக நேர்மையும் அடக்கமும் என்ற ஒரு பண்பைச் சேர்த்த ஹெக்ஸாகோ என்ற மாதிரியும் இருக்கிறது. கேஷ் கையாளும் வேலைகளுக்கு அது பொருத்தம். வணிகப் பயன்பாட்டுக்கு மட்டும் அனுமதி வாங்க வேண்டும்.

வேலையில் யார் நன்றாகச் செய்வார்கள் என்று இது சொல்லுமா? 1965-ல் கயனும் காட்டியரும் அதுவரை வந்த ஆய்வுகளை அலசி, ஆளுமைத் தேர்வுகளை ஆளெடுப்புக்கு நம்பப் போதிய ஆதாரம் இல்லை என்றார்கள். கால் நூற்றாண்டு அந்தப் பேச்சே அடங்கிப் போனது. 1991-ல் பாரிக்கும் மவுண்ட்டும் ஐம்பண்பு சட்டகத்தில் பழைய ஆய்வுகளைத் தொகுத்து, பொறுப்புணர்வு ஏறக்குறைய எல்லா வேலைகளிலும் செயல்திறனோடு தொடர்புள்ளது என்று காட்டினார்கள். விற்பனையிலும் மேலாண்மையிலும் புறமுகத்தன்மைக்கும் கொஞ்சம் பங்கு இருந்தது. அதன் பிறகுதான் இந்தத் தொழிலே மறுபடி சூடு பிடித்தது.

ஆனால் தொடர்பு என்றால் எவ்வளவு? சாக்கெட்டும் சக ஆய்வாளர்களும் 2022-ல் வெளியிட்ட மறுகணக்கீட்டில், வேலைத்திறனோடு உள்ள ஒட்டுறவு எண் (தொடர்பே இல்லை என்றால் 0, முழுசாகப் பொருந்தினால் 1) பொறுப்புணர்வுக்கு 0.19. மற்ற நாலு பண்புகளும் 0.10 சுற்றியோ அதற்குக் கீழோதான். அதே கணக்கில் எல்லாருக்கும் ஒரே கேள்விகளைக் கேட்டு, முன்பே எழுதிவைத்த அளவுகோலில் மதிப்பெண் போடும் முறைப்படுத்திய நேர்காணலுக்கு 0.42. வேலை சார்ந்த அறிவுத் தேர்வுக்கு 0.40. வேலையையே கொஞ்சம் செய்யச் சொல்லிப் பார்க்கும் மாதிரிப் பணிக்கு 0.33. டீயைக் குடித்துக்கொண்டு ஊர், அப்பா பேர் என்று கேட்கும் வழக்கமான இன்டர்வியூவுக்கு 0.19, பொறுப்புணர்வுத் தேர்வுக்குச் சமம்!

இந்த எண்களைக் கைக்கு அடக்கமாக மாற்றிப் பார்க்கலாம். தேர்வில் சராசரிக்கு மேல் வாங்கிய நூறு பேரை எடுத்தால், வேலையிலும் சராசரிக்கு மேல் வருபவர்கள் எத்தனை பேர்? காசு சுண்டிப் போட்டு எடுத்தால் 50. இயல்நிலைப் பரவல் (பெரும்பாலானோர் நடுவிலும் சிலர் இரண்டு ஓரத்திலும் நிற்கும் ஒரே குன்று வடிவம்) என்று கொண்டு கணக்குப் போட்டால் பொறுப்புணர்வுத் தேர்வுக்குச் சுமார் 56. முறைப்படுத்திய நேர்காணலுக்குச் சுமார் 64. ஆறு பேர் கூடுதல் என்பது ஒன்றும் இல்லாத விஷயம் அல்ல. வருஷத்துக்கு 5,000 பேரை எடுக்கும் ஐடி கம்பெனிக்கு அது பெரிய லாபம். ஆறு பேரை மட்டும் எடுக்கும் நம் பம்ப் கம்பெனிக்கு அந்த வித்தியாசம் கண்ணுக்கே தெரியாது. அதனால்தான் இந்தத் தேர்வுக்குச் சின்னப் பங்கு என்றேன்.

அப்புறம், பொய் சொல்லலாமே என்ற கேள்வி. சொல்லலாம். இன்ஜினியரிங் கல்லூரிகளில் ஆம்கேட் போன்ற வேலைவாய்ப்புத் தேர்வுகளில் ஆளுமைப் பகுதியும் சேர்ந்தே வருகிறது. எந்தக் கேள்விக்கு எதைத் தட்ட வேண்டும் என்று சீனியர்கள் சொல்லிக் கொடுத்துவிடுகிறார்கள். இதைவிட எனக்கு உறுத்துவது, பொய் சொல்லாமலே மதிப்பெண் கெடும் இடம். தமிழ் மீடியத்தில் படித்து டிப்ளமோ முடித்த ஒரு பையன், எதிர்மறையில் திருப்பிப் போட்ட ஆங்கில வாக்கியங்களைப் படித்து, ஒத்துக்கொள்வதா மறுப்பதா என்று குழம்பி நடுவிலுள்ள 3-ஐத் தட்டிக்கொண்டே போவான். அறிக்கை அவனைத் தீர்மானம் இல்லாதவன் என்று சொல்லும். அளந்தது அவன் ஆங்கிலத்தை. ஷாப் ஃப்ளோர் ஆட்களுக்கும் ஃபீல்டு ஆட்களுக்கும் வைப்பதானால் முறையாகத் தமிழாக்கி, தமிழில் எழுதியவர்களையே ஒப்பீட்டுக் கூட்டமாக வைத்திருக்கும் தேர்வைக் கேளுங்கள். அப்படி ஒன்று கிடைக்கவில்லை என்றால் அந்த வேலைகளுக்கு ஆளுமைத் தேர்வே வேண்டாம். வெல்டரை வெல்டிங் வைக்கச் சொல்லிப் பாருங்கள்.

ஓபிக்யூ, ஹோகன்: மேனேஜர் ஆகப்போகிற இருவருக்கு

பிரிட்டனில் 1977-ல் சாவில், ஹோல்ட்ஸ்வொர்த் இருவரும் தொடங்கிய எஸ்ஹெச்எல் நிறுவனத்தின் தேர்வு ஓபிக்யூ. ஓபிக்யூ32ஆர் என்ற இப்போதைய வடிவத்தில் 104 கட்டங்கள், ஒவ்வொன்றிலும் மூன்று வாக்கியங்கள், 32 அளவைகள். டிஸ்க் மாதிரி இதிலும் ஒன்றைத் தேர்ந்தெடுத்து ஒன்றைத் தள்ள வேண்டும், மூன்றுமே நல்ல வாக்கியங்களாக இருப்பதால் ஏமாற்றுவது கஷ்டம். ஒருவரை இன்னொருவரோடு ஒப்பிட முடியாது என்று டிஸ்க்கில் சொன்ன சிக்கலை இதில் மதிப்பெண் போடும் கணித முறையை மாற்றிப் பெரும்பாலும் சரிசெய்திருக்கிறார்கள். எல்லா வாக்கியங்களும் வேலை சார்ந்தவை. பெரிய கம்பெனிகள் இதை வாங்குவதில் நியாயம் இருக்கிறது.

ராபர்ட் ஹோகன், ஜாய்ஸ் ஹோகன் தம்பதி 1987-ல் அமெரிக்காவின் டல்சா நகரில் தொடங்கிய நிறுவனத்தின் தேர்வுகளில் எனக்குப் பிடித்தது ஹெச்டிஎஸ் என்பது. நல்ல குணம் அளவுக்கு மீறும்போது எப்படி ஆளைக் கவிழ்க்கும் என்பதைப் பதினொரு அளவைகளில் பார்க்கிறது. நம் சூப்பர்வைசர் ஒருவர் படு கச்சிதமானவர் என்று வையுங்கள். ஒவ்வொரு கேஸ்டிங்கையும் தானே தொட்டுப் பார்ப்பார், ரிஜெக்ஷன் அவர் ஷிஃப்டில்தான் கம்மி. அந்தக் கச்சிதத்துக்காகவே அவரை மேனேஜர் ஆக்குகிறோம். ஆக்கியதும் நாலு சூப்பர்வைசர்களின் வேலையையும் அவரே தொட்டுப் பார்க்க ஆரம்பிக்கிறார். எதையும் யாரிடமும் விடமாட்டார், ராத்திரி ஒன்பது மணிக்கும் ஃபோர்மேனுக்கு போன். ஹெச்டிஎஸ்ஸில் கடும் உழைப்பு என்ற அளவை உச்சத்தில் இருந்தால், பதவி கொடுப்பதற்கு முன்பே அவரோடு உட்கார்ந்து பேச ஒரு வழி கிடைக்கிறது: "எதையெல்லாம் இனிமே நீங்க தொடமாட்டீங்க, சொல்லுங்கண்ணே." பதவி கொடுக்கலாமா வேண்டாமா என்பதை அந்த மதிப்பெண் முடிவு செய்யக் கூடாது. பத்து வருஷமாக அவர் வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கும் உங்களுக்கு அதைவிட நல்ல ஆதாரம் கையிலேயே இருக்கிறது.

இரண்டுக்குமே பயிற்சி பெற்றவர் விளக்க வேண்டும். அந்தச் செலவைத் தவிர்த்துவிட்டு அறிக்கையை மட்டும் இமெயிலில் அனுப்பிவிட்டால், கொடுத்த காசில் பாதி வீண். மீதிப் பாதி தொந்தரவு.

எதைத் தொடவே கூடாது

மனநோயைக் கண்டறிய மருத்துவமனைக்காகச் செய்த தேர்வுகளை ஆளெடுப்புக்குக் கொண்டுவராதீர்கள். அந்த வகையில் பேர்போன எம்எம்பிஐ 1943-லேயே வந்தது; இரண்டாம் பதிப்பில் 567 வாக்கியங்கள். ரென்ட்-ஏ-சென்டர் என்ற அமெரிக்க நிறுவனம் பதவி உயர்வுக்கான தேர்வில் இதைச் சேர்த்திருந்தது. 2005-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் இது மருத்துவப் பரிசோதனை, மாற்றுத்திறனாளிகள் சட்டப்படி இப்படி வைக்க முடியாது என்று தீர்ப்பளித்தது. இங்கே சில ஆலோசகர்கள் இன்னும் இதைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். மத நம்பிக்கை, படுக்கையறை, தூக்கத்தில் வரும் கனவு என்று கேள்விகள் போகுமானால் அந்தத் தாளைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

அறிக்கைகளை எங்கே வைக்கிறீர்கள் என்பதையும் யோசியுங்கள். எல்லாரும் திறக்கக்கூடிய ஷேர்டு ஃபோல்டரில் கிடக்கும் மூன்று வருஷப் பழைய அறிக்கையைத் திறந்து, "இவர் அகமுகம், பிராஞ்ச் கொடுக்க வேண்டாம்" என்று யாராவது ஒருநாள் சொல்வார்கள். எதற்காக வாங்கினோமோ அந்த வேலை முடிந்ததும் அழித்துவிடுவது நல்லது. 2023-ன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் நோக்கம் முடிந்த தரவை வைத்திருக்கக் கூடாது என்ற திசையில்தான் போகிறது.

அந்த ஆறு சேல்ஸ் இன்ஜினியர்கள்

என்னிடம் விட்டால் இப்படிச் செய்வேன். முதலில் மாதிரிப் பணி. ஒரு விவசாயியின் போர்வெல் ஆழம், தண்ணீர் நிற்கும் மட்டம், தொட்டிக்குப் போகும் பைப்பின் நீளம், கரண்ட் சிங்கிள் ஃபேஸா த்ரீ ஃபேஸா என்ற விவரங்களைக் கொடுத்து, கேட்லாக்கையும் கொடுத்து, அரை மணி நேரத்தில் பம்ப்பைத் தேர்ந்தெடுத்து, அந்த விவசாயியிடம் பேசுவது போலவே எனக்கு விளக்கச் சொல்வேன். விலை அதிகமான மாடலைத் தள்ளிவிடப் பார்க்கிறவர் யார், "தண்ணி மட்டம் கோடையில எவ்வளவு இறங்கும்?" என்று திருப்பிக் கேட்கிறவர் யார் என்பது அங்கேயே தெரிந்துவிடும்.

அடுத்து முறைப்படுத்திய நேர்காணல். எல்லாருக்கும் அதே ஆறேழு கேள்விகள். "கடைசியாக நீங்கள் வாக்குக் கொடுத்த தேதி தவறியது எப்போது? தவறப்போகிறது என்று எப்போது தெரிந்தது? முதலில் யாருக்கு போன் செய்தீர்கள்?" தேதி தாண்டிய பிறகு கஸ்டமர் கூப்பிட்டதும்தான் பேசினேன் என்றால் 1. முன்கூட்டியே தெரிந்து, மாற்று ஏற்பாட்டோடு தானே கூப்பிட்டேன் என்றால் 5. இரண்டு பேர் தனித்தனியாக மதிப்பெண் போட்டு, பிறகு ஒப்பிட வேண்டும்.

இந்த இரண்டிலும் தேறியவர்களுக்கு மட்டும் ஐம்பண்புத் தேர்வு. ஐபிஐபியிலிருந்து எடுத்தால் செலவு கிடையாது, ஒப்பீட்டுக் கூட்டத்தை மட்டும் நீங்களே காலப்போக்கில் சேர்க்க வேண்டும். வாக்கியங்களில் "வேலை செய்யும் இடத்தில்" என்று சேர்த்துக்கொள்ளுங்கள். வீட்டில் சாமானை இறைத்துவிட்டு ஆபீஸில் மேஜையைத் துடைத்து வைப்பவர்கள் ஏராளம். இப்படிச் சேர்த்தால் தேர்வு சொல்வது வேலையோடு இன்னும் நெருங்கி வருகிறது என்று ஆய்வுகளும் சொல்கின்றன. பொறுப்புணர்வில் குறைவாக வந்தவரை வெட்டிவிடாமல், அவரைச் சிபாரிசு செய்தவரிடமும் பழைய மேலாளரிடமும் அது பற்றிக் குறிப்பாக இரண்டு கேள்வி கேளுங்கள். வெட்டு எண் என்று ஒன்றை வைக்கவே வைக்காதீர்கள்.

மதிப்பெண்களை எக்செல்லில் போட்டுப் பூட்டி வைத்துவிட்டு, ஒரு வருஷம் கழித்து ஒவ்வொருவரின் விற்பனையையும் வசூலையும் பக்கத்தில் எழுதுங்கள். இதை மட்டும் வருஷக் கணக்கில் வைத்திருக்கப்போவதாக, எதற்காக என்பதோடு, எழுதிய நாளிலேயே அவர்களிடம் சொல்லிவிடுங்கள். ஆறு பேரை வைத்து எதுவும் சொல்ல முடியாது. வருஷா வருஷம் சேர்த்துக்கொண்டே போய் நாற்பது, ஐம்பது பேர் ஆன பிறகு பார்த்தால், உங்கள் கம்பெனியில் எது பலன் தருகிறது என்று மங்கலாகவாவது தெரிய ஆரம்பிக்கும். அதுவரை விற்பனையாளர் வருஷச் சந்தாவுக்குத் தள்ளுபடி தருகிறேன் என்றால், ஆள் கணக்குக்கு மட்டும் விலை பேசுங்கள்.